பூச்சி பக்கம்: வாசகர் கேள்வி பதில்

பையன் லீவு விட்டா போதும், என் மொபைல எடுத்துக்கிட்டு வாய்க்கா கரைக்கு ஓடிடுறான், தட்டான் போட்டோ எடுக்குறேன்னு. இப்ப கேமரா வேணும்னு ஒரே அடம். வாங்கித் தரலாமா மேடம்?
வாசகி, மன்னார்குடி

இப்போதைக்கு வேணாம்மா. அந்த மொபைலே போதும், வேணும்னா லென்ஸ் மேல கிளிப் மாதிரி மாட்டுற சின்னதப் பெருசா காட்டுற ஒரு மேக்ரோ லென்ஸ் மட்டும் வாங்கிக் குடுங்க. அதுகூட எறும்பு, முட்டை, பொறிவண்டு மாதிரி சட்டுனு பறந்துடாம இருக்குறதுக்குத்தான், ஏன்னா அந்த லென்ஸ் போட்டா பூச்சிகிட்ட ரெண்டு மூணு சென்டிமீட்டர் வரைக்கும் போகணும், எந்தத் தட்டானும் அதுவரைக்கும் உக்காந்துக்கிட்டு இருக்காது.

தட்டானுக்கு வேற வழி இருக்கு. வாய்க்கா ஓரமா கோரைப்புல் நுனியில செவப்பா ஒண்ணு உக்காந்திருக்கும் பாருங்க, கிட்ட போனா பறந்துடும். பையன் பின்னாடியே ஓடுவான், அதுதான் தப்பு. அங்கேயே குந்தி உக்காரச் சொல்லுங்க. கொசுவோ ஈயோ புடிச்சிட்டு பெரும்பாலும் அதே நுனிக்குத்தான் திரும்பி வரும், அது அதோட எடம். வந்து உக்காந்ததும் ஒரு அடி முன்ன நகரலாம், அது பறந்து திரும்பி வர்றப்ப இன்னொரு அடி. நம்ம நிழல் மட்டும் அது மேல விழக்கூடாது. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போனா இன்னும் சுலபம், உடம்பு சூடாகாம சட்டுனு பறக்க முடியாது. ஃபோகஸ் கண்ணுல இருக்கணும், றெக்கை கொஞ்சம் மங்கினா பரவால்ல. மத்தியானம் சில தட்டான் வாலை நேரா வானத்தப் பாத்து தூக்கி வச்சுக்கிட்டு நிக்கும், வித்தை காட்டுதுன்னு நெனைக்காதீங்க, வெயில் படுற பரப்பைக் குறைச்சுக்குது. அந்த நேரத்துல கிடைக்கிற படம் பிரமாதமா இருக்கும்.

ஃப்ரிட்ஜ்ல வச்சு மயங்க வச்சு எடுக்குற வித்தையெல்லாம் யூடியூப்ல பாத்துட்டு வருவான், கண்டிச்சு வைங்க. அப்புறம் கால்ல ஷூ போட்டு அனுப்புங்க, வரப்புல பாம்பு உண்டுன்னு உங்களுக்குத் தெரியாததா.

தொட்டியில வச்ச கருவேப்பிலைச் செடியில பறவை எச்சம் மாதிரி புழு. தட்டி விட்டுட்டேன், மறுபடி பச்சையா பெருசா ஒண்ணு. தொட்டா தலையிலேர்ந்து செவப்பா கொம்பு நீட்டி நாத்தம் அடிக்குது. மருந்து அடிக்கலாமா?
வாசகி, கும்பகோணம்

அய்யோ, அடிச்சிடாதீங்க! ரெண்டும் ஒரே புழுவோட ரெண்டு வயசு. கருவேப்பிலை, எலுமிச்சையில முட்டை வைக்கிற எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியா இருக்கலாம், இல்ல அதே செடிக்கு வர்ற அதோட சொந்தக்கார கருப்பு வண்ணத்துப்பூச்சியா இருக்கலாம். சின்னதுல எச்சம் மாதிரி இருந்தா குருவி கொத்தாது, பெருசானதும் இலையோட இலையா பச்சையாயிடும். அந்தக் கொம்பு தலைக்குப் பின்னாடி மடிச்சு வச்சிருக்குற ரெண்டு கிளை சதை, பயந்தாத்தான் வெளிய வரும், கடிக்காது, கொட்டாது, நாத்தம் மட்டும்தான்.

உங்களுக்கு மொட்டை மாடியில ஒரு ஸ்டுடியோவே கெடச்சிருக்கு. தினம் அதே கோணத்துல ஒரு படம் எடுங்க. ஒருநாள் சாப்புடுறத நிறுத்திட்டு குச்சியில இடுப்பச் சுத்தி ஒரு நூல் கட்டிக்கிட்டு சாஞ்சு நிக்கும், அதுக்கப்புறம் கூடு. கூடு பச்சையாவும் இருக்கும், சுத்தி இருக்குறதப் பொறுத்து பழுப்பாவும் இருக்கும், தேடுனா கண்ணுல படாது. ரசத்துக்கு நாலு கொத்து கொறையும், கடையில வாங்கிக்கோங்க.

ஐப்பசி வாக்குல மஞ்சளா தட்டான் கூட்டம் கூட்டமா பறக்குது, உக்காரவே மாட்டேங்குது. எங்கேருந்து வருது, எங்க போகுது?
வாசகர், திருத்துறைப்பூண்டி

தட்டான் தாழப் பறந்தா தப்பாம மழைன்னு சொல்லுவாங்கல்ல, பெரும்பாலும் இந்த இனம்தான் அது, அறிவியல் பேரு பான்டலா ஃபிளாவெசன்ஸ். நாலரை சென்டிமீட்டர் நீள உடம்பு. மாலத்தீவுல ரொம்ப வருஷம் இருந்த சார்லஸ் ஆண்டர்சன்னு ஒரு கடல் உயிரியல்காரர், அக்டோபர் ஆனா அங்க இந்தத் தட்டான் லட்சக்கணக்குல வந்து இறங்குறதப் பாத்துட்டு மண்டைய ஒடைச்சிக்கிட்டார், ஏன்னா அது பவளத்தீவு, தட்டான் முட்டை போட குளம் குட்டைன்னு பெருசா நல்லதண்ணி ஏதும் கிடையாது. அப்ப எங்கயோ போற வழியில இறங்குதுங்குறது அவரோட கணக்கு. இந்தியாவுலேர்ந்து மாலத்தீவு, சீஷெல்ஸ் வழியா கடலைத் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா, அங்க மழைக்காலத்துல முட்டை, அப்புறம் அதோட வாரிசுங்க திரும்பி இங்க வரும்னு 2009ல எழுதுனார். போக வர மொத்தமா 14,000லேர்ந்து 18,000 கிலோமீட்டர் இருக்கும்னு சொன்னார். ஒரே தட்டான் முழுசையும் பறக்காது, நாலு தலைமுறை சேந்து முடிக்குது.

எப்படி முடியுதுன்னா, வடகிழக்குக் காத்து. ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறி அந்தக் காத்துலயே மிதந்து போகுது, பின்றெக்கை நல்லா அகலம். மழைத்தண்ணி தேங்குன குட்டையிலயே முட்டை போடும், குஞ்சு தண்ணிக்குள்ள மடமடன்னு வளந்து ரெண்டு மாசத்துக்குள்ளயே பறக்க ரெடி, குட்டை காயுறதுக்குள்ள கெளம்பணும்ல.

படம் வேணும்னா பறக்குறப்ப முயற்சி பண்ணி மனசொடிஞ்சு போகாதீங்க. சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடி வேலியோரக் குச்சியில செங்குத்தா தொங்கிக்கிட்டு இருக்கும், அப்ப எடுங்க.

பூச்சின்னா மருந்தடிக்கிறது, அதப்போயி போட்டோ எடுத்து என்ன பிரயோசனம்? சம்பாவுல புகையான் வந்தா நீங்களா நட்டம் குடுப்பீங்க?
விவசாயி, பாபநாசம் பக்கம்

ஐயா கோவம் நியாயம்தான், ஆனா நெல்லுத் தூர்ல சாறு உறிஞ்சுற அந்தப் புகையான் பூச்சிக்காகத்தான் சொல்றேன். தூர்ல புகையானத் தின்னுக்கிட்டு ஊசித்தட்டான், சிலந்தி, பச்சையா ஒரு சின்ன மிரிட் நாவாய்ப்பூச்சி எல்லாம் இருக்கு. வேற ஏதோ பூச்சிக்குன்னு சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்து அடிச்சா மொதல்ல சாவுறது இதுங்கதான், அப்புறம் புகையான் முன்னவிட ஜாஸ்தியா கெளம்பும். இது ரொம்ப நாளா வேளாண்மைத் துறையே சொல்லிக்கிட்டு இருக்குற விஷயம். இலை நுனியில பழுப்பு ரோமம் மூடுன சின்னத் திட்டு இருந்தா அது தண்டு துளைப்பான் முட்டை, அந்த இலையக் கிள்ளிடலாம். மஞ்ச றெக்கையில ரெண்டு பக்கமும் கருப்புப் பொட்டு இருந்தா தாய் அந்து. எது எதுன்னு தெரியலேன்னா போட்டோ எடுத்து வேளாண் அலுவலர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கந்தான, நேராவும் போகலாம். பிரயோசனம் அவ்வளவுதான், மருந்துக் காசு மிச்சம்.

நைட்டு வெள்ளை வேட்டி கட்டி லைட்டு போட்டு அந்துப்பூச்சி பாக்கலாம்னு இருக்கோம். என்ன கவனிக்கணும்?
காலேஜ் பசங்க, திருவாரூர்

அமாவாசை பக்கமா, காத்தில்லாத புழுக்கமான ராத்திரி போங்க. தரையப் பாத்து நடங்க, துணியிலேருந்து விழுந்ததெல்லாம் காலடியில கெடக்கும். முக்கியமா கருப்பும் ஆரஞ்சும் மாத்தி மாத்தி பட்டை போட்ட எறும்பு மாதிரி ஒண்ணு வரும், ஆசிட் பூச்சின்னு சொல்லுவாங்களே அது. கொப்புளம் அது கடிக்கிறதால வர்றதில்ல, கழுத்துல உக்காந்தத நாம அறைஞ்சு நசுக்குறோமே அந்தச் சாறுதான் மறுநாளு கொப்புளமாகுது. ஊதி விடுங்க, நசுங்கிட்டா உடனே சோப்பு போட்டு கழுவுங்க, கண்ணுக்கு கைய கொண்டு போகாதீங்க. ரெண்டு மணி நேரத்துல லைட்ட அணைச்சிடுங்க, பல்லியும் தவளையும் கூட்டமா வந்து உங்க விருந்தாளிய எல்லாம் காலி பண்ணிடும்.

குளத்துல முதுகு பூரா முட்டையா ஒரு தட்டைப்பூச்சி. தாய்ப்பூச்சியா?
பள்ளி மாணவி, வலங்கைமான்

இல்லம்மா, அது அப்பா! தாய் வந்து அப்பா முதுகுல முட்டைய ஒட்டிட்டு போயிடும், பொரியிற வரைக்கும் அவர்தான் சுமக்கணும், அதுவரைக்கும் றெக்கைய விரிச்சு பறக்கவும் முடியாது. வெள்ளை டப்பாவுல குளத்துத் தண்ணியோட விட்டு மேலேர்ந்து படம் எடுத்துட்டு அதே எடத்துல விட்டுடு. கையில புடிக்காத, குத்துனா நல்லா வலிக்கும்.

கோடியக்கரை காட்டுக்குள்ள போய் எடுக்கலாமா?
வாசகர், வேதாரண்யம்

1967லேர்ந்தே அது சரணாலயம், அதனால வனத்துறை அனுமதி வாங்கிட்டுத்தான் உள்ள போகணும், எந்தப் பூச்சியையும் புடிச்சு எடுத்துட்டு வரக்கூடாது. அதுக்கு முன்னாடி உங்க வயல்வரப்புல ஆடுதின்னாப்பாளை கொடி இருக்கான்னு பாருங்க. கருப்பு றெக்கையும் ரத்தச் செவப்பு உடம்புமா இருக்குற ரோஜா வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கிறது அந்தக் கொடியிலதான், அனுமதியும் வேணாம், பஸ் செலவும் இல்ல.