மேடையிலிருந்து திரைக்கு: பாரிசில் வாழும் ஒரு தந்தைக்கு

மதிப்புக்குரிய ஐயா,

பாக் என்னும் பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படிக்கும் உங்கள் மகள் கணக்கியல் வேண்டாம் என்கிறாள், முதலில் நாடக நெறியாளராகிப் பின்னர் திரைப்படம் எடுக்கப்போவதாகச் சொல்லிப் பிரெஞ்சு நாடக, திரைப்பட நெறியாளர் பத்ரீஸ் ஷெரோவை உதாரணம் காட்டுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளை நல்ல உதாரணத்தைத்தான் பிடித்திருக்கிறாள். அவர் வாங்கிய விருதுகளோடு, அவற்றுக்குப் பிடித்த காலத்தையும் நீங்கள் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

1944 இல் பிறந்த ஷெரோ, பாரிசின் லூயி-லெ-கிரான் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே மாணவர் நாடகக் குழுவில் நடித்தும் நெறிப்படுத்தியும் பழகியவர். 1966 இல், 22 வயதளவில், பாரிசின் புறநகரான சார்த்ரூவில் என்ற ஊரின் அரங்குப் பொறுப்பு அவரிடம் வந்தது. பாராட்டுக் கிடைத்த அளவுக்குப் பணம் கிடைக்கவில்லை. 1969 இல் அரங்கு வங்குரோத்தாகி, அந்தக் கடன் பல ஆண்டுகள் அவர் தலையில் கிடந்தது. பிறகு மிலான் நகரின் பிக்கோலோ அரங்கில் வேலை செய்து, 1972 இல் நெறியாளர் ரோஜே பிளான்ஷோனுடன் சேர்ந்து, லியோன் நகரை அடுத்த வில்லர்பானில் தேசிய மக்கள் அரங்கை நடத்தத் தொடங்கினார்.

முதல் திரைப்படம் 1975 இல் வந்தது. அதற்காக அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. மறு ஆண்டே ஜெர்மனியின் பைரொய்த் இசை விழாவில், பியர் பூலேஸ் இசைக்குழுவை நடத்த, இசையமைப்பாளர் வாக்னரின் நான்கு ஒபேராக்களை (இசை நாடகங்களை) மேடையேற்றினார். முதலாண்டில் கூச்சலிட்டு எதிர்த்த அந்த அரங்கம், 1980 இல் கடைசி நிகழ்வு முடிந்தபோது ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கைதட்டியது. 1982 முதல் 1990 வரை பாரிசின் புறநகரான நாந்தேரில் அமாந்தியே அரங்கை நடத்தியபோது அங்கே ஒரு நடிப்புப் பள்ளியும் இயங்கியது; அதன் மாணவர்களை வைத்தே 1987 இல் ஒரு படம் எடுத்தார். அவருடைய நாடகங்களுக்குக் காட்சியமைத்த ரிஷார் பெதுசிதான் படங்களிலும் அவரோடு உழைத்தார். இப்படி மேடையில் சேர்த்த ஆட்களும் அனுபவமும் திரைக்குக் கூடவே வந்தன. 1994 இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் பரிசும் 2001 இல் பெர்லின் திரைப்பட விழாவின் முதற்பரிசான தங்கக் கரடியும் கிடைத்தன. முதல் படத்துக்கும் தங்கக் கரடிக்கும் இடையே 26 ஆண்டுகள்!

ஷெரோவின் பெற்றோர் ஓவியர்கள் என்பதையும், அரசு மானியத்தில் புறநகர் அரங்குகள் வளர்ந்த காலத்தில் அவர் தொழிலுக்கு வந்தார் என்பதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; இந்த வசதிகள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இனி உங்கள் கேள்வி, இதில் சீவிக்க முடியுமா என்பது. பிரான்சில் மேடை, திரைத்துறையினருக்கு ‘அந்தெர்மித்தான்’ என்ற ஏற்பாடு உண்டு. 12 மாதங்களில் 507 மணி நேர வேலையைச் சம்பளச் சிட்டையோடு காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். தொடக்கத்தில் அந்த மணித்தியாலங்களைச் சேர்ப்பதே பெரும்பாடு. ஆகவே நெறியாள்கையோடு ஒளியமைப்போ மேடை நிர்வாகமோ அவள் கற்றிருந்தால், மணித்தியாலங்கள் எளிதாகச் சேரும்.

பாக் முடிந்தவுடன் திரைப்படக் கல்லூரிக்கு ஓட வேண்டாம். பாரிசின் அரச திரைப்படக் கல்லூரியான லா ஃபெமிஸின் பொதுப் போட்டித் தேர்வுக்கு வழக்கமாக பாக்குக்குப் பிந்திய இரண்டு ஆண்டுப் படிப்புக் கேட்பார்கள், இடங்களும் மிகக் குறைவு. அதனால் நாந்தேர் பல்கலைக்கழகத்தில் அரங்கக்கலை இளநிலைப் படிப்பில் சேர்ந்து, அந்த ஆண்டுகளில் மாணவர் குழுவில் நாடகம் போடட்டும் என்பதே என் ஆலோசனை. அதன் பிறகு லா ஃபெமிஸோ, நெறியாள்கைக்குத் தனிப் பிரிவு உள்ள ஸ்ட்ராஸ்பூர்க் தேசிய அரங்கின் பள்ளியோ, எதற்குப் போட்டியிடுவது என்பதை அவளே தீர்மானிக்கலாம்.

நீங்கள் விரும்பும் கணக்கியலும் வீண்போகாது. இங்குள்ள நாடகக் குழுக்களில் பெரும்பாலானவை 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவான சங்கங்கள். அவற்றில் வரவு செலவு பார்க்கப் பொருளாளர் ஒருவர் தேவைப்படுகிறார். முதலாண்டில் அந்தப் பொறுப்பை அவள் கேட்டு வாங்கட்டும். மண்டப வாடகை, மானிய விண்ணப்பம், சம்பளச் சிட்டை எல்லாம் கைக்கு வந்துவிடும்.