லயத்து அடுப்புப் புகையும் வயிற்றுப் பிள்ளையும்

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிறோம். எனக்கு ஐந்தாம் மாதம். சமைப்பது விறகில், புகைக்கூடு இல்லை. "நாங்களெல்லாம் இந்தப் புகையிலதானே பெத்து வளர்த்தோம்" என்கிறார் மாமி. பிள்ளை நிறை குறைந்து பிறக்குமா? கடன்பட்டாவது கேஸ் அடுப்பு வாங்கவா?

பதில்: கடன் வேண்டாம். ஆனால் மாமி சொல்வதும் சரியில்லை. விறகுப் புகையில் இரண்டு கெடுதல்கள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். அது நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து நச்சுக்கொடியின் வேலையைக் கெடுக்கிறது. மற்றது காபனோரொட்சைட்டு. ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் வாயு அது. தாய்க்கு ஏற்கெனவே இரத்தச்சோகை இருந்தால் பிள்ளைக்குப் போகும் ஒட்சிசன் இரண்டு பக்கமும் குறையும். 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறை, 37 வாரத்துக்கு முந்திய பிரசவம் ஆகியவற்றோடு புகை தொடர்புபடுவது இதனால்தான்.

அப்படியானால் கேஸ் போட்டால் நிறை கூடிவிடுமா? தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய இடங்களில் சுமார் 3,200 கர்ப்பிணிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2022இல் வெளிவந்தது. இலவச கேஸ் கிடைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு சுமார் 24 மைக்ரோகிராம். விறகில் சமைத்தவர்களுக்கு அது சுமார் 71. இருந்தும் பிள்ளைகளின் சராசரி நிறை முறையே 2,921, 2,898 கிராம்தான். ஆகவே முட்டையையும் பருப்பையும் குறைத்து கேஸுக்குக் காசு கட்டுவது நட்டம். கையில் காசு இருந்தால் ஒரு சின்ன சிலிண்டர் எடுத்து தேத்தண்ணி, சுடுதண்ணி, பால் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி அடுப்பு மூட்டுவது அதிலேயே பாதி குறையும்.

ஏனென்றால் மூட்டும் நேரத்தில்தான் புகை அதிகம். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். தீ நன்றாகப் பிடித்த பிறகு நீங்கள் போங்கள். கதவையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். கடலை, பயறை முதல் நாள் இரவே ஊறவைத்து, மூடி போட்டு அவியுங்கள். விறகின் வெட்டுமுனையில் நுரை கட்டிச் சீறினால் அது ஈர விறகு. மேற்குச் சரிவில் மே மாதம் மழை பிடித்தால் இலேசில் விடாது. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கவ்வாத்து மிலாறை (வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை) சேர்த்து, பெருங்கட்டையை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி வையுங்கள். ஷொப்பிங் பேக்கையோ உர உறையையோ வைத்துத் தீ மூட்டவே கூடாது.

அனாகி என்ற களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்குப் புகைக்கூடு கிடையாது. புகைக்கு மருந்து அதுவல்ல. நாலு அங்குலக் குழாயைக் கூரை முகட்டுக்கு மேல் இரண்டு அடி உயர்த்திக் கட்டினால்தான் புகை வெளியே போகும். மாதம் ஒருமுறை கரி தட்டாவிட்டால் அது அடைத்து, புகை திரும்பவும் காம்பராவுக்குள் (அறைக்குள்) இறங்கும். முகக்கவசம் காபனோரொட்சைட்டைத் தடுக்காது.

அடுப்படியில் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்து, வெளியே வந்ததும் தெளிகிறதா? மசக்கை என்று விட்டுவிடாதீர்கள். மற்றவர்களுக்கும் தலையிடித்தால் சந்தேகமே வேண்டாம், அது காபனோரொட்சைட்டின் வேலை; எல்லோரும் வெளியேறி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். குளிருக்காகக் கரிச்சட்டியைக் காம்பராவில் வைத்துக் கதவைப் பூட்டிப் படுப்பது உயிராபத்து. புகையடங்கிய தணலில்தான் இந்த வாயு அதிகம், மணமும் இருக்காது.

கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது முன்பின் இடைவெளி விட்டு, தேசிக்காய்த் தண்ணியோடு குடியுங்கள். கல்சியக் குளிசைக்கு வேறு நேரம். தேயிலைக்கு நடுவில் வாழ்பவர்களுக்கு அடுப்பை மாற்றுவதை விட இதில் பலன் சீக்கிரம் தெரியும்.

பிள்ளை பிறந்த பிறகு மாமியோடு வரப்போகும் வாக்குவாதம் சாம்பிராணி பற்றியதாக இருக்கும். தலை காயத் துண்டு போதும்; பிள்ளையைப் புகைமேல் பிடிக்க வேண்டாம். நுளம்புச்சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள். பீடி, சிகரெட் இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) வேண்டாம், அந்தப் புகை உள்ளேதான் வரும். குளிருக்குத் தொப்பி போட்டு, தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்தினால் சூடு கிடைக்கும். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 60ஐத் தாண்டினாலும், நெஞ்சு உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பூத்தாலும் தோட்டத்து டிஸ்பென்சரியில் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.