ஏ.பி.யா, ஐ.பி.யா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. கணக்கும் இயற்பியலும் அவளுக்கு உயிர். இன்ஜினீயரிங் படிக்க ஆசை. அவள் பள்ளியில் கல்லூரித் தரத்துக்குப் பாடம் நடத்தும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்), ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியா) இரண்டும் இருக்கின்றன. ‘ஐ.பி. டிப்ளமாவுக்குத்தான் மதிப்பு’ என்கிறார்கள் தெரிந்தவர்கள். பிப்ரவரிக்குள் முடிவு சொல்ல வேண்டும். எதில் சேர்ப்பது?
- ஒரு வாசகி, டாலஸ்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மதிப்பைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இரண்டுமே நன்றாகத் தெரிந்தவை. பள்ளியில் கிடைத்த பாடங்களில் கனமானவற்றை எடுத்துப் படித்தாளா என்றுதான் பார்ப்பார்கள். பன்னிரண்டு வருடம் இங்கே கணக்கு டீச்சராக இருந்தவள் நான். என் மகன் படித்தது ஐ.பி.

ஏ.பி.யில் வேண்டிய பாடத்தை மட்டும் எடுக்கலாம். மே மாதம் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். ஐ.பி. டிப்ளமா அப்படியில்லை. 11, 12 இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரே கட்டு. ஆறு பாடங்கள், அவற்றில் குறைந்தது மூன்றை உயர்நிலையில் படிக்க வேண்டும். இன்னொரு மொழியும் வரலாறு மாதிரி ஒரு சமூகப் பாடமும் கட்டாயம். அதற்கு மேல் ‘அறிவுக் கோட்பாடு’ என்று ஒரு வகுப்பு, கலை, விளையாட்டு, சேவை, அப்புறம் 4,000 சொல் வரையிலான ஓர் ஆய்வுக் கட்டுரை.

அந்தக் கட்டுரைதான் எங்கள் வீட்டை ஆட்டியது. மகன் 12ஆம் வகுப்பில் இருந்தபோது, கட்டுரையின் கடைசித் திருத்தம், ஒவ்வொரு பாடத்துக்குமான உள்மதிப்பீடு, கல்லூரி விண்ணப்பம் மூன்றும் ஒரே டிசம்பரில் வந்து விழுந்தன. ஆறு வருடம் போன மிருதங்க வகுப்பை நிறுத்தினான். இரவு ஒரு மணிக்கு அவன் அறையில் விளக்கு எரியும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. ஆனால் கல்லூரிக்குப் போன முதல் வருடம், இருபது பக்க அறிக்கை எழுத அவன் துளியும் தயங்கவில்லை. அதை அந்தக் கட்டுரை கொடுத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஏ.பி.யில் ‘கால்குலஸ் பி.சி.’ (நுண்கணிதம்), ‘இயற்பியல் சி’ என்ற இரண்டு பாடங்களும் இன்ஜினீயரிங் முதல் வருடத்துக்கு நேரான படி. இயற்பியல் சி கால்குலஸை வைத்தே நடக்கும், ஐ.பி. இயற்பியலில் உயர்நிலையில்கூட அது அந்த அளவுக்கு வராது. செலவுப் பக்கம் பார்த்தால் டெக்சாஸில் ஐ.பி.க்கு ஒரு நல்ல சலுகை உண்டு. டிப்ளமா வாங்கி, எந்தத் தேர்விலும் 4க்குக் குறையாமல் இருந்தால், மாநில அரசுக் கல்லூரிகள் குறைந்தது 24 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கும் பாட அலகு) தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த 24இல் எத்தனை இன்ஜினீயரிங் பட்டத்துக்குப் பயன்படும் என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், ஏ.பி. என்பேன். சரி, யாரும் சொல்லாமலே நாலு பக்கம் எழுதுகிற பெண்ணா அவள்? வரலாற்றுப் புத்தகத்தையும் விரும்பிப் படிப்பாளா? அப்படியானால் ஐ.பி.யைத் தள்ளிவிடாதீர்கள். டிப்ளமா வேண்டாமென்றால் தனிப் பாடமாக ஒன்றிரண்டு ஐ.பி. எடுக்க விடுவார்களா என்றும் பள்ளியில் கேட்கலாம்.

உங்கள் கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்பது இல்லை. பிப்ரவரிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, அதே பள்ளியில் 12ஆம் வகுப்பு ஐ.பி. படிக்கும் மாணவி ஒருத்தியோடு அவளை ஒரு மணி நேரம் பேச விடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம்.