வீடியோ பார்த்து கோல்ஃப் சுவிங் பழகுகிறவர்களுக்கு: திருகோணமலையிலிருந்து கேள்வி பதில்

சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் மைதானத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, கற்றுத்தர ஆளில்லாமல் வீடியோவை நம்பிச் சுவிங் (மட்டை வீச்சு) பழகுகிறவர்கள் கேட்டவை இவை. பதில்களை வலக்கைக்காரருக்கென்று எழுதியிருக்கிறேன்.

உப்புவெளித் தம்பி: இடக்கையை வலப்பக்கம் திருப்பிப் பிடி என்கிறது ஒரு வீடியோ. அப்படிப் பிடிக்காதே என்கிறது இன்னொன்று. யாரை நம்புவது?

இரண்டும் சரிதான் தம்பி. முதலாவது, பந்து வலப்பக்கம் வளைகிறவருக்கு; மற்றது, இடப்பக்கம் வளைகிறவருக்கு. உங்கள் பந்து எங்கே புறப்பட்டு எந்தப் பக்கம் வளைகிறது என்று முதலில் எழுதி வையுங்கள். அப்புறம் ஒரே ஆசிரியர், ஒரே திருத்தம். அது கைக்கு வரும்வரை வேறு வீடியோ வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து: பந்து இடப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கம் வளைந்து போகிறது. இன்னும் இடப்பக்கம் குறிவைத்தால் கூடுகிறதே?

கூடத்தான் செய்யும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, படும் நொடியில் கிளப்பின் (மட்டையின்) முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கம், பார்க்கும் திசை. வளைவு வருவது, அந்த முகத்துக்கும் கிளப் வந்த பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். உங்கள் முகம் சற்று இடப்பக்கம் பார்க்கிறது, பாதையோ அதைவிட இடப்பக்கம் வெட்டுகிறது. மேலும் இடப்பக்கம் திரும்பி நின்றால் அந்த வெட்டு இன்னும் பெரிதாகும். பழைய பாடங்கள் சில, பாதைதான் புறப்படும் திசை என்று சொல்லும்; அவற்றை விட்டுவிடுங்கள். குனிந்து பார்த்தால் இடக்கை விரல் மொழிகள் குறைந்தது இரண்டு தெரியும்படி பிடியுங்கள். பிறகு பந்துக்கு அப்பால், இலக்குக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுப் பின்னே, ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கள். கிளப் வெளியிலிருந்து வந்தால் அதில் தட்டும். மெதுவாக, தட்டாமல் வரப் பழகுங்கள்.

மூதூர்த் தம்பி: நான் கிரிக்கெட் ஆடுகிறவன். பந்து மேலே எழும்ப மறுக்கிறது.

முன்காலில் பாரம் கொண்டுவரும் உங்கள் பழக்கம் நல்லது, விடாதீர்கள். பந்தைத் தூக்கப் பின்னால் சாய்வதுதான் பிழை. 7 ஆம் நம்பர் அயனின் (இரும்புத் தலை கிளப்பின்) முகமே சுமார் 30 பாகை சாய்ந்தது. தூக்குகிற வேலையை அது செய்யும்.

நிலாவெளித் தங்கச்சி: பழக இடமில்லை. கடற்கரை சரிவருமா?

பந்தில்லாமல் என்றால் மிக நல்ல இடம். கரைவலைக்காரர் இல்லாத பக்கமாக, ஈரமணலில் உங்களிலிருந்து நேரே முன்னோக்கி ஒரு கோடு கீறி, அது இரு கால்களுக்கும் நடுவில் வரும்படி நில்லுங்கள். சுவிங் செய்தால் மணலில் விழும் தடம் கோட்டிலோ, அதற்குச் சற்று இலக்குப் பக்கமோ தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் பாரம் பின்காலிலேயே நின்றுவிட்டது. இந்த ஒரு பயிற்சியை நான் எல்லோருக்கும் சொல்வேன், எந்த வீடியோவும் இவ்வளவு உடனே பதில் தராது. ஆட்கள் நடக்கிற கரையில் பந்து மட்டும் அடிக்காதீர்கள்; 45 கிராம் பந்து மண்டையை உடைக்கும்.

இன்னொருவர்: என்னையே படமெடுக்க போனை எங்கே வைப்பது?

இரண்டு இடங்கள். ஒன்று நெஞ்சுக்கு நேர் எதிரே. மற்றது உங்களுக்கு வலப்பக்கம், கைகளின் உயரத்தில், கைகளுக்கு நேராக, இலக்கை நோக்கி. கொஞ்சம் விலகினாலும் பாதை பொய்யாகத் தெரியும். இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். ஸ்லோமோஷனில் எடுங்கள், நல்ல வெளிச்சம் வேண்டும்.

இடக்கைக்காரர் ஒருவர்: எனக்கு வீடியோக்களே குறைவு.

வலக்கை வீடியோவைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பாருங்கள். ஃபில் மிக்கெல்சன் மற்ற வேலைகளுக்கு வலக்கைக்காரர். வலக்கையால் ஆடிய தகப்பனுக்கு எதிரே நின்று பார்த்துத்தான் இடக்கை ஆட்டம் பழகினார்.

சீனக்குடாவிலிருந்து: கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) எதிரே அடிக்கும்போது பலமாக அடிக்கவா?

வேண்டாம். பலமாக அடித்தால் பின்சுழற்சி கூடி, பந்து மேலே ஏறி நின்றுவிடும். 7 ஆம் நம்பர் அயனுக்குப் பதில் 5 ஆம் நம்பரை எடுத்து, கொஞ்சம் கீழே பிடித்து, முக்கால் சுவிங் போதும்.