சாப்பாட்டு அறையில் கவிழ்ந்த கிண்ணம்

கேள்வி: சாப்பாட்டு அறையில் மாட்டப் பழைய டச்சு ஓவியம் ஒன்றின் பிரிண்ட் வாங்கினேன். பாதி உரித்த எலுமிச்சை, சிப்பிகள், கவிழ்ந்து கிடக்கும் வெள்ளிக் கிண்ணம். கீழே ‘ஹேடா, 1635’ என்றிருக்கிறது. “இதெல்லாம் சாவைக் குறிக்கும், வேண்டாம்” என்கிறார் நண்பர். மாட்டலாமா?

பதில்: தாராளமாக மாட்டுங்கள். நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் மனதில் இருப்பது வேறு வகைப் படம்.

வாழ்க்கை நிலையில்லாதது என்று நினைவூட்டும் அந்த வகைக்குப் பெயர் ‘வானிடாஸ்’. “மாயை, மாயை, எல்லாம் மாயை” என்ற பைபிள் வரியில், ‘மாயை’க்கு உரிய லத்தீன் சொல் அது. உங்கள் படத்தை வரைந்த ஹேடா வாழ்ந்த அதே ஹார்லெம் நகரத்து ஓவியர் பீட்டர் கிளாஸ் 1630இல் வரைந்த ஒன்று, தி ஹேக் நகரில் மவுரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்தில் இருக்கிறது. மண்டையோடு, எலும்பு, கடிகாரம், அணைந்த விளக்கு. அதிலும் ஒரு கண்ணாடிக் கோப்பை கவிழ்ந்துதான் கிடக்கிறது! மண்டையோட்டுக்குப் பக்கத்தில் கவிழ்ந்தால் அது முடிந்துபோன வாழ்க்கை. சிப்பிக்கும் ரொட்டிக்கும் நடுவில் கவிழ்ந்தால், யாரோ சாப்பிட்டு எழுந்துபோன மேசை. அதனால் பொருளைத் தனியாகப் பார்க்காமல், அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். மண்டையோடு, மணற்கடிகாரம், அணைந்த மெழுகுவத்தி என்று எதுவும் இல்லையென்றால் சாவை வலிந்து தேட வேண்டியதில்லை.

எலுமிச்சைக்கு, “பார்க்க அழகு, வாயில் வைத்தால் புளிப்பு” என்று நீதி சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. டச்சுக்காரர்கள் ஒயினில் எலுமிச்சை போட்டுக் குடித்தவர்கள். அப்புறம், சுருண்டு தொங்கும் அந்தத் தோலின் மேல்பக்கச் சொரசொரப்பும் உள்பக்க வெண்மையும் ஓவியருக்குக் கைவித்தை காட்டக் கிடைத்த இடம். ஆய்வாளர்களுக்குள்ளும் இந்தச் சண்டை ஓயவில்லை: எடி டி யோங் பொருள்களில் நீதியைத் தேடினார், ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் 1983இல், டச்சு ஓவியர்கள் கண்ணால் கண்ட உலகத்தைத்தான் வரைந்தார்கள் என்று வாதிட்டார்.

எனக்குப் பிடித்தது கிளாஸ் 1627இல் வரைந்த விருந்து மேசை. பழைய பஞ்சாங்கத் தாளைச் சுருட்டி, அதில் மிளகு! நம் மளிகைக் கடைப் பொட்டலமேதான். கழிந்த காலத்தின் குறியீடு என்றும் சொல்லலாம், வீணாகாத காகிதம் என்றும் சொல்லலாம். கப்பலில் வந்த அந்த மிளகு அன்றைக்குப் பணக்காரச் சரக்கு என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

சரி, எந்தச் சுவரில்? உங்கள் படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. ஒயின் கோப்பையில் ஜன்னலின் பிரதிபலிப்புகூடத் தெரியும். இடப்பக்கம் ஜன்னல் உள்ள சுவராகப் பார்த்து மாட்டுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம். கண்ணாடிச் சட்டம் பளபளத்து, படத்தின் சாம்பல் நிறங்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.