கிளட்சை மிதித்தால் அடங்கும் சத்தம்: தென்னாப்பிரிக்க வாசகர்களின் பழைய பக்கி எஞ்சின் கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, அப்பாவின் நிசான் 1400 பக்கி, சின்ன பிக்கப் வண்டி. எஞ்சினை இறக்கி, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) கிரைண்டிங் கொடுத்து, புது பேரிங், புது பிஸ்டன் ரிங் எல்லாம் போட்டு ஏற்றினேன். 400 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, சூடானதும் ஐடிலில் அடியிலிருந்து டொக் டொக் என்று சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. கியர்பாக்ஸ்தான் என்கிறார்கள்.

தம்பி, கியர்பாக்ஸை இப்போதைக்குத் தொடாதே. கனெக்டிங் ராடு பேரிங் தட்டினால் அது கிளட்சுக்கு அடங்காது, அந்த சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றினால்தான் சத்தம் குறையும். உன் வண்டியில் கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று நினைக்கிறேன். கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் முன்பக்கமாகத் தள்ளப்பட்டு ஒரே இடத்தில் நிற்கும், அதனால் சத்தமும் நிற்கும். எஞ்சினை அணைத்துவிட்டு வீட்டில் யாரையாவது கிளட்சை மிதிக்கச் சொல்லி, நீ முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பார். அது அசைவது கண்ணுக்கே தெரிந்தால் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. அப்புறம் டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் அளவி) வைத்து அந்த ஆட்டத்தை அள. 0.3 மி.மீ தாண்டினால் ஓட்டாதே. ஆயில் ஃபில்டரையும் அறுத்துப் பார், காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுக்கு இருந்தால் அது பேரிங் உலோகம்.

லெனேசியாவிலிருந்து: எனக்கு கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) நான்கு சிலிண்டரிலும் 9.5 பார். கடலோர டோங்காட்டில் மச்சானுக்கு அதே எஞ்சினில் 11.5. ரிங் போய்விட்டதா?

இல்லை. நீங்கள் இருப்பது 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், அங்கே காற்றழுத்தமே கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கேஜும் அதே அளவு குறைத்துத்தான் காட்டும். நான்கும் ஒன்றாக இருக்கிறதே, அதுதான் முக்கியம். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துத்தானே அளந்தீர்கள்?

ஃபீனிக்ஸிலிருந்து: ஓவர்ஹால் முடிந்தது, முதல் ஸ்டார்ட்டில் ஆயில் லைட் அணையவில்லை.

உடனே நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டு சுற்றுங்கள். அப்போதும் அணையாவிட்டால், பிளாக்கைக் கழுவக் கழற்றிய ஆயில் கேலரி பிளக்கை (ஆயில் வழியின் முனையை அடைக்கும் மூடியை) யாராவது திரும்பப் போட மறந்திருக்கலாம்.

மறுபடி சாட்ஸ்வொர்த்: அளந்தேன் அண்ணா, 0.65 மி.மீ. ஃபில்டரில் மினுக்கும் இருக்கிறது. புது பேரிங் 400 கிலோமீட்டரில் எப்படித் தேயும்?

கிராங்கை கிரைண்டிங் செய்தபோது த்ரஸ்ட் பேரிங் உரசும் பக்கவாட்டு முகத்தில் கல் பட்டு சொரசொரப்பாக விட்டிருப்பார்கள், அது அரம் மாதிரி பேரிங்கைத் தின்றிருக்கும். நகத்தால் தடவிப் பார், தெரியும். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் சம்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டியை) மட்டும் இறக்கி பேரிங் மாற்றினால் மறுபடி 400 கிலோமீட்டர்தான். கிராங்க் வெளியே வரவேண்டும், அந்த முகம் பளபளப்பாக வேண்டும், ஆயில் வழிகள் எல்லாம் கழுவப்பட வேண்டும். திரும்பப் பூட்டும்போது த்ரஸ்ட் பேரிங் இருக்கும் கேப்பை (கிராங்கைப் பிடிக்கும் மூடியை) லேசாக முடுக்கி, கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி, இரண்டு பாதி பேரிங்கும் ஒரே நேராக உட்கார்ந்த பிறகே போல்ட்டுகளுக்கு முழு டார்க் (குறித்த அளவு முறுக்கு) கொடு. அதற்கப்புறம் ஒருமுறை அளந்துவிட்டு சம்பை மூடு.