கேளுங்க சொல்றோம்: பேஸ்மென்ட்டுக்கு எந்த ஹீட்டிங்?

கேள்வி: மில்டன்ல புது வீடு வாங்கி ஒரு வருஷம் ஆச்சு சார். பேஸ்மென்ட்டை இப்பதான் ஃபினிஷ் பண்றோம், ஒரு ஹால், ஒரு பாத்ரூம், 10க்கு 12 அடில ஒரு ரூம். மாமனார் மாமியார் திருச்சிலேருந்து வந்தா அந்த ரூம்லதான் தங்குவாங்க. கான்ட்ராக்டர், வீடு பூரா சூடு காத்து அனுப்பற ஃபர்னஸ்லேருந்து நாலு வென்ட் இழுத்துட்டா போதும்ங்கறார், எங்க வீட்டுக்காரர் ஃப்ளோர் ஹீட்டிங்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார். எதைப் போடறது?
- ஒரு வாசகி, மில்டன், ஒன்டாரியோ

பதில்: கேஸ் ஃபர்னஸ் ஏற்கனவே இருக்கு, காத்து போற குழாய், அதான் டக்ட், அதுவும் தலைக்கு மேலயே ஓடுது, அதுலேருந்து இழுக்கறதுதான் செலவு கம்மி, அந்த வரைக்கும் கான்ட்ராக்டர் சொல்றது சரி. ஆனா வென்ட்டை சீலிங்ல வெச்சுட்டு கிளம்பிடுவாங்க, சூடான காத்து மேலயே நிக்கும், காத்து திரும்பிப் போற ரிட்டர்ன் கிரில் தரையை ஒட்டி இல்லேன்னா தலை வேர்க்கும் கால் விறைக்கும். அதனால எத்தனை வென்ட்னு கேக்கறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் எங்கன்னு கேளுங்க. ஹால்ல ஒண்ணு, ரூம்ல ஒண்ணு, ரெண்டும் கீழ. வேலை முடிஞ்சதும் ஃபர்னஸ் ஓடும்போது ஒரு டிஷ்யூ பேப்பரை கிரில்கிட்ட காட்டுங்க, இழுத்து ஒட்டிக்கணும், சும்மா தொங்கிட்டு இருந்துச்சுன்னா கடைசி பேமென்ட்டைக் குடுக்காதீங்க. ஃபர்னஸ் ரூமுக்குள்ள மட்டும் ரிட்டர்ன் வெக்கவே கூடாது.

அடுத்த சிக்கல் தெர்மோஸ்டாட். அது மேல ஹால்ல இருக்கும். மேல வெயில் அடிச்சு, சமையலும் நடந்து 21 டிகிரி ஆயிடுச்சுன்னா ஃபர்னஸ் நின்னுடும், கீழ பெரியவங்க ரெண்டு போர்வைக்குள்ள சுருண்டிருக்கறது அதுக்கு எப்படித் தெரியும்? அதனால அந்த ரூமுக்கு மட்டும் சுவத்தோரம் தரையை ஒட்டி மாட்டற எலக்ட்ரிக் பேஸ்போர்டு ஹீட்டர் ஒண்ணு, சுவத்துல தனி தெர்மோஸ்டாட்டோட போட்டுடுங்க. பொதுவா அடிக்கு 250 வாட்ஸ் வரும், 6 அடின்னா 1500 வாட்ஸ், 240 வோல்ட்ல 6.25 ஆம்ப்ஸ்தான் இழுக்கும், மணிக்கு 5000 பிடியூவுக்கு (சூட்டை அளக்கற கணக்கு) மேல சூடு குடுக்கும், இன்சுலேஷன் ஒழுங்கா இருந்தா 120 சதுர அடிக்கு தாராளம். கேஸை விட கரன்ட் காஸ்ட்லிதான், ஆனா ஒரே ஒரு ரூம், அதுவும் ராத்திரி, நேரத்துக்கு ஏத்தபடி கரன்ட் ரேட் மாறற டைம் ஆஃப் யூஸ் பிளான்ல சாயங்காலம் 7லேருந்து காலைல 7 வரைக்கும் கம்மி ரேட்தானே. ஹீட்டர் மேல கர்ட்டன் தொங்கக் கூடாது, பிளக் பாயின்ட் நேர் மேல வரக் கூடாது, ஈஎஸ்ஏ (ஒன்டாரியோவோட மின்சாரப் பாதுகாப்பு அமைப்பு) இன்ஸ்பெக்டர் பாக்காம சுவத்தை மூடக் கூடாது. போர்ட்டபிள் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் கார்டுல மாட்டிக்கலாம்னு யாராச்சும் ஐடியா குடுத்தா காதுலயே வாங்காதீங்க.

வீட்டுக்காரர் கேக்கற ஃப்ளோர் ஹீட்டிங் சுகம்தான், மறுக்கல. ஆனா சுடுதண்ணி ஓடற பைப்பை கான்கிரீட் கொட்டறதுக்கு முன்னாடியே பதிச்சிருக்கணும். இப்போ போட்டா தரை உசந்து சீலிங் ஹைட் போயிடும், தண்ணி சூடாக்க தனி ஏற்பாடு வேற. பாத்ரூம் டைல்ஸுக்கு அடில எலக்ட்ரிக் மேட் போட்டு அவரை சமாதானம் பண்ணுங்க. மிச்சக் காசுல ஹாலுக்கும் ரூமுக்கும் ஃபோம் ஒட்டின சப்ஃப்ளோர் பேனல் போடுங்க, ஏன்னா கால்ல ஜில்லுனு ஏறறது காத்து இல்லம்மா, கான்கிரீட். மினி ஸ்ப்ளிட் ஹீட் பம்ப், அதாவது சூடும் குடுக்கற ஸ்ப்ளிட் ஏசி மாதிரி, நல்ல சாமான், கோடைல ஈரப்பதத்தையும் எடுக்கும், ஆனா உங்க தேவைக்கு அது ஓவர்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். சுவத்துல எங்கயாவது தண்ணிக் கறை இருந்தா டிரைவால் அடிக்கறதுக்கு முன்னாடி பில்டருக்கு எழுத்துல குடுங்க. பேஸ்மென்ட்குள்ள தண்ணி கசியறதுக்கு டேரியன் வாரன்ட்டி (ஒன்டாரியோல புது வீடுகளுக்கு இருக்கற வாரன்ட்டி) 2 வருஷம், உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு.

கேள்வி: ஸ்கார்பரோல ஒரு பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கோம். தெர்மோஸ்டாட் மேல ஓனர்கிட்ட, ஜனவரில எங்க ரூம் 17 டிகிரி. என்ன பண்றது?
- ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: ஹீட்டிங் ஓனர் பொறுப்புன்னா குளிர் மாசங்கள்ல குறைஞ்சது 21 டிகிரி இருக்கணும்னு சிட்டி பைலாவே சொல்லுது. முதல்ல உங்க வென்ட் எல்லாம் திறந்திருக்கான்னு பாருங்க, சோஃபா மறைச்சுட்டு நிக்கறதும் உண்டு. அப்புறம் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, தேதி நேரத்தோட போட்டோ எடுத்து ஓனருக்கு மெசேஜ் அனுப்புங்க. வாயால மட்டும் சொல்லிட்டு இருக்காதீங்க. அதுக்கும் மசியலேன்னா சிட்டியோட 311 நம்பருக்கு போன் பண்ணுங்க.